ஆசானின் பெயரை மறவோம்: கணிதப் பேராசிரியர் ராசீன் வரலாறு

 

நம் ஜமாஅத்தின் ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கும், பள்ளிவாசல் மராமத்து விவரமும், மக்தப் மத்ரஸாவின் நிலையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு, கல்வியில் சிறந்து விளங்கிய நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் ஆண்டுதோறும் அச்சாகி வருகின்றது. அப்பட்டியலில் பிள்ளையின் பெயர் இருக்கின்றது. தந்தையின் பெயர் இருக்கின்றது. பெற்ற மதிப்பெண் இருக்கின்றது. கேடயத்தை அன்பளித்தவரின் பெயரும் தவறாமல் இருக்கின்றது. கற்பித்த ஆசிரியரின் பெயர் மட்டும் இல்லை. இக்குறையை நாமும் இத்தனை ஆண்டுகள் கவனித்தோமில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம்.

நம் கண்ணைத் திறந்தது சென்ற ஆண்டின் பரிசளிப்பு விழா. கிரிவலப் பாதையில் தேநீர்க் கடை நடத்தும் சகோதரர் ஒருவரின் மகன், பி.எஸ்சி. கணிதத்தில் நன்கு தேறி, மேற்படிப்பிற்கு இடம் பெற்றிருந்தார். மேடையில் அவருக்குக் கேடயம் வழங்கப்பட்டது. வாங்கியவர் தம் இருக்கைக்குத் திரும்பவில்லை. நேராகக் கடைசி வரிசைக்குச் சென்று, அங்கே காலணிகள் வைக்கும் இடத்தருகே நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரின் கையில் அக்கேடயத்தைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். விசாரித்தபோதுதான் தெரிந்தது: அப்பெரியவர் கல்லூரிப் பேராசிரியர், இரண்டாண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதோறும் இம்மாணவருக்கு எந்தக் கட்டணமும் பெறாமல் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். மாணவர் அழைத்ததால் வந்திருந்தார். அவருக்கு ஒரு நாற்காலி போட நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து நடைபெற்ற கூட்டத்தில், இனி ஆசிரியர்களையும் அழைத்துக் கண்ணியப்படுத்த வேண்டும் என்று நாம் கூறினோம். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், அவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவரும் இல்லை, நம் மார்க்கத்தவரும் இல்லை. நம் பிள்ளைகளைப் பாராட்டுவது சரி. வெளியாருக்கு நாம் ஏன் விழா எடுக்க வேண்டும்? வாங்கும் சம்பளத்திற்குத்தானே பாடம் நடத்துகிறார்?" என்று கேட்டார். கேட்டவர் நல்லெண்ணத்துடனேயே கேட்டார். ஜமாஅத்தின் பொதுப்பணத்திற்குப் பொறுப்பாளர் என்னும் கவலையே அவரைக் கேட்க வைத்தது. அன்று நேரமின்மையால் விரிவாக விடை கூற இயலவில்லை. அதற்குரிய விடையாக ஒரு வரலாற்றை இங்கு எழுதுகின்றோம்.

கடல் கடந்து வந்த ஆசிரியர்

சார்லஸ் ராசீன் 1897ஆம் ஆண்டு பிறந்த பிரெஞ்சு நாட்டவர். இயேசு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவத் துறவி. பாரிஸ் மாநகரில் கணிதம் பயின்று, ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கை தொடர்பான ஆய்விற்காக 1934ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆசான் ஏலி கார்தான், அந்நூற்றாண்டின் தலைசிறந்த கணித அறிஞர்களுள் ஒருவர்.

அந்தக் கார்தானின் வரலாற்றையும் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு சிற்றூர்க் கொல்லரின் மகன். 1869இல் பிறந்தவர். பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் ஆய்வாளர் அச்சிறுவனின் அறிவைக் கண்டு வியந்து, அரசின் உதவித்தொகை கிடைக்க வழிசெய்தார். அந்த ஒருவரின் பார்வை படாதிருந்தால் கார்தான் தந்தையின் உலைக்களத்திலேயே நின்றிருக்கக் கூடும். பெரிய ஆசான்களுக்குப் பின்னேயும் பெயர் அதிகம் பேசப்படாத ஓர் ஆசிரியரோ, ஆய்வாளரோ இருக்கின்றார் என்பதற்கு இதுவே சான்று.

பாரிஸில் பட்டம் பெற்ற ராசீன் விரும்பியிருந்தால் ஐரோப்பாவிலேயே ஆய்வு செய்து பெயரீட்டியிருக்கலாம். அக்காலப் பிரான்சில் கணிதத்தையே புதிதாகக் கட்டியெழுப்பிய இளம் மேதைகள் பலரோடு அவருக்குப் பழக்கம் இருந்தது. ஆயினும் 1937ஆம் ஆண்டு அவர் தமிழகம் வந்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்தபின், சென்னை லயோலா கல்லூரிக்கு மாற்றப்பட்டார். லயோலா கல்லூரி 1925இல் நிறுவப்பட்டது. அங்கே கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றி, 1976ஆம் ஆண்டு காலமானார்.

அவர் கற்பித்த முறை

அன்றைய சென்னையில் கணிதம் வறண்டு கிடக்கவில்லை என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனந்த ராவ் இருந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய அவர் பல ஆய்வாளர்களை உருவாக்கியவர். எனினும் நம் கல்லூரிகளின் கணிதம் பெரும்பாலும் ஆங்கிலேயர் வகுத்த பாதையிலேயே சென்றது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் கணிதத்தின் உருவமே மாறிக்கொண்டிருந்த செய்தி நம் வகுப்பறைகளை எட்டவில்லை.

அச்செய்தியைக் கொண்டுவந்தவர் ராசீன். அவருடைய வகுப்பு தேர்வுக்குக் குறிப்பு எழுதிக்கொள்ளும் வகுப்பன்று. பாடம் நடத்தும் முறை செம்மையாக ஒழுங்குபடுத்தப்பட்டதன்று என்றும், பின்தொடர்வது கடினம் என்றும் அவர்தம் மாணவர்களே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். மதிப்பெண் ஒன்றையே நாடிய மாணவர்க்கு அவரால் பெரும்பயன் விளைந்திராது. ஆனால் ஆர்வம் கொண்ட மாணவர்க்கு அவர் திறந்த கதவு வேறு. பிரெஞ்சு அறிஞர்களின் புதிய நூல்களை அவர்கள் அறியச் செய்தார். பாடத்திட்டத்தில் இல்லாதவற்றைப் பேசினார். கணிதம் முடிந்துபோன கலையன்று, இன்றும் வளர்ந்துகொண்டிருப்பது என்னும் உணர்வை ஊட்டினார்.

இதனினும் பெரிய ஒரு செயலை அவர் செய்தார். தம் மிகச் சிறந்த மாணவர்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. பம்பாயில் ஹோமி பாபா 1945இல் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சந்திரசேகரன் என்னும் அறிஞர் கணிதத் துறையைக் கட்டியெழுப்பிக் கொண்டிருந்தார். பத்தாண்டுகூட நிறையாத அந்நிறுவனத்திற்குத் தம் மாணவர்கள் செல்லுமாறு ராசீன் ஊக்கமளித்தார். நிலையான அரசுப் பதவியைப் பெற்றோர் எதிர்பார்த்திருந்த காலத்தில், பலரும் பெயரே அறியாத நிறுவனத்திற்குப் போ என்று சொல்ல ஓர் ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். அச்சொல்லை நம்பிப் புறப்பட, மாணவர்க்கு அவர்மீது நம்பிக்கை வேண்டும்.

நம் மாவட்டத்துப் பிள்ளை

அவ்வாறு 1953ஆம் ஆண்டு பம்பாய் சென்றவர்களுள் இருவர் லயோலாவில் ராசீனிடம் ஒருங்கே பயின்றவர்கள். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த சி. எஸ். சேஷாத்திரி. மற்றவர் எம். எஸ். நரசிம்மன். இந்த நரசிம்மன் 1932ஆம் ஆண்டு பிறந்தது பழைய வட ஆற்காடு மாவட்டத்துத் தண்டரை என்னும் சிற்றூரில் என்பதை நம் ஜமாஅத்தார் அறிந்துகொள்ள வேண்டும். 1989இல் தனி மாவட்டம் ஆகும்வரை நம் திருவண்ணாமலையும் அதே வட ஆற்காட்டைச் சேர்ந்ததுதான். அவர் நம் மண்ணின் பிள்ளை. கிராமப்புறக் குடும்பத்துப் பிள்ளை.

இவ்விருவரும் சேர்ந்து 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு தேற்றம், இருவர் பெயராலும் 'நரசிம்மன் – சேஷாத்திரி தேற்றம்' என்றே உலகெங்கும் வழங்கப்படுகின்றது. நாம் மத்ரஸாவில் ஓதியவர், கணிதம் கற்றவரல்லர். ஆயினும் நாம் விளங்கிக்கொண்ட அளவில் ஓர் உவமை கூறுகின்றோம். அடி அண்ணாமலையில் வாழும் நமக்கு மலையும் தெரியும், அதைச் சுற்றிச் செல்லும் பதினான்கு கிலோமீட்டர் பாதையும் தெரியும். மலையின் வடிவை ஆராய்வது ஒருவகை அறிவு. அதைச் சுற்றிவரும் பாதைகளை மட்டும் கணக்கிட்டு ஆராய்வது இன்னொரு வகை அறிவு. இவ்விரண்டும் வெவ்வேறு துறைகள் போலத் தோன்றும். வளைந்த பரப்புகளின்மீது அமையும் ஒருவகைக் கணித அமைப்புகளும், அப்பரப்பைச் சுற்றிவரும் பாதைகளிலிருந்து பிறக்கும் இயற்கணிதமும் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்துகின்றன என்பதையே அவ்விருவரும் நிறுவினர். அணுவினுள் இயங்கும் விசைகளை ஆராயும் இயற்பியலாருடைய சிந்தனையோடும் இத்தேற்றம் பிற்காலத்தில் தொடர்புகொண்டது.

பன்னாட்டு விருதுகள் பலவும் இவர்களைத் தேடி வந்தன. இருவரும் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராயினர். இருவரும் பத்மபூஷண் விருது பெற்றனர். நம் வாசகர்கள் குறிப்பாக அறிய வேண்டியது: 2006ஆம் ஆண்டு, சவூதி அரேபியாவின் மன்னர் ஃபைசல் பன்னாட்டுப் பரிசு, அறிவியல் பிரிவில் நரசிம்மனுக்கும் ஆங்கிலேய அறிஞர் சைமன் டொனால்ட்சனுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. அந்த டொனால்ட்சன், நரசிம்மன் – சேஷாத்திரி தேற்றத்திற்கு 1983இல் புதியதொரு நிரூபணம் கண்டவர். வட ஆற்காட்டுச் சிற்றூரில் பிறந்தவர், கிறிஸ்தவத் துறவியிடம் பயின்று, அரபு நாட்டின் உயரிய பரிசைப் பெற்றார். சேஷாத்திரி 2020ஆம் ஆண்டிலும், நரசிம்மன் 2021ஆம் ஆண்டிலும் காலமாயினர்.

ராசீனின் மாணவர் பட்டியல் இவ்விருவரோடு முடிவதன்று. சி. பி. இராமானுஜம், இராகவன் நரசிம்மன் ஆகியோரும் அவரிடம் பயின்று பம்பாய் சென்றவர்களே. முன்னவர் முப்பத்தாறு வயதிலேயே மறைந்தும் தம் ஆய்வால் நிலைத்த புகழ் பெற்றவர். பின்னவர் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். ஒரே கல்லூரியில், ஒரே ஆசிரியரின் நிழலில், ஒரு தலைமுறைக்குள் இத்தனை பேர் உருவானது இந்தியக் கணித வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. ராசீனின் பெயரால் பெரிய தேற்றம் எதுவும் வழங்கப்படவில்லை. அவர் விட்டுச்சென்ற செல்வம் அவருடைய மாணவர்களே.

அலிகாரோடு ஒரு தொடர்பு

இவ்வரலாற்றில் நம் சமுதாயத்திற்கும் ஓர் இடம் உண்டு. நரசிம்மனும் சேஷாத்திரியும் தம் தேற்றத்தை வெறுவெளியில் கட்டவில்லை. ஆந்த்ரே வெய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1938இல் எழுதிய ஒரு கட்டுரையே அதற்கு வித்து. இந்த வெய் இளமையில் எங்கே பணியாற்றினார் தெரியுமா? அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில். சர் ஸையித் அஹ்மத் கான் அவர்களின் பேரரும், அப்பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தருமான சர் ராஸ் மஸூத், இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத அவ்விளைஞரைப் பாரிஸிலிருந்து வரவழைத்து, 1930ஆம் ஆண்டு கணிதப் பேராசிரியராக அமர்த்தினார். வெய் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவரோ, தென்னாற்காட்டில் பிறந்த விஜயராகவன் என்னும் தமிழ் அந்தணக் கணித அறிஞரைத் தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். நிர்வாகத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் வெய்யின் அலிகார்ப் பணி 1932இல் முடிவுற்றது என்பதும் உண்மையே. ஆயினும் அறிவுள்ளவர் எங்கிருந்தாலும் அழைத்துவந்து நம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக்க வேண்டும் என்று எண்ணிய ஒரு முஸ்லிம் பெரியவரின் நோக்கை நாம் மறக்கலாகாது. முஸ்லிம் பல்கலைக்கழகம் அன்று "நம் ஆள் யார்?" என்று கேட்கவில்லை, "அறிந்தவர் யார்?" என்றே கேட்டது.

கண்ணியம் என்பது எது?

ராசீனுக்கு அவருடைய மாணவர்கள் செய்த கண்ணியம் யாது? லயோலா கல்லூரியில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி மையம் உள்ளது. அது நன்று. அதனினும் சிறந்தது வேறொன்று. உலகப் புகழ் பெற்றபின் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதியும் பேசியும் வந்த அம்மாணவர்கள், தம் ஆசானின் பெயரை விட்டுவிடவில்லை. அவர்கள் சொன்னதாலேயே, தமக்கென்று பெயர் தேடாத அத்துறவியின் பெயர் இன்று நம் கைக்கு வந்துள்ளது.

இன்னொரு வகையிலும் அவர்கள் கடன் தீர்த்தனர். தாம் பெற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நரசிம்மனிடம் பயின்ற எம். எஸ். இரகுநாதன், பதோடி போன்றோர் தாமும் பெரும் அறிஞர்களாயினர். சேஷாத்திரி 1989ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கணித நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம். 1998 முதல் அங்கே பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கு இளநிலைப் பட்டப்படிப்பும் நடத்தப்படுகின்றது. ஆய்வில் உச்சம் தொட்ட ஒருவர், முதிய வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்க முன்வந்தாரெனில், தம் பதினெட்டாம் வயதில் கிடைத்த ஆசிரியரை அவர் மறக்கவில்லை என்பதே அதன் பொருள் என நாம் கருதுகின்றோம்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நமக்கு ஸனது வழங்கப்படும்போது, நம் உஸ்தாதின் பெயர், அவருடைய உஸ்தாதின் பெயர், அவருக்கும் முந்தியவரின் பெயர் என்று சங்கிலித் தொடராக எழுதப்படுகின்றது. இடையில் ஒரு பெயர் விடுபட்டால் தொடரே அறுந்ததாகக் கொள்ளப்படும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தம் ஆசான் ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் பயின்றார்கள். தம் மகனுக்கு இட்ட பெயரும் ஹம்மாத் என்பதே. ஓதும் கல்விக்கு நாம் காக்கும் இந்த ஒழுங்கை, கல்லூரிக் கல்விக்கு ஏன் கைவிட்டோம்? கொல்லரின் மகன் கார்தான், கார்தானின் மாணவர் ராசீன், ராசீனின் மாணவர் நரசிம்மன் என்னும் தொடரும் ஒரு ஸனதே. நம் தேநீர்க் கடைச் சகோதரரின் மகனுக்குப் பின்னேயும் அப்படியொரு தொடர் உள்ளது. நாம்தான் அதை எழுதி வைக்கவில்லை.

எழுப்பப்பட்ட வினாவிற்கு விடை

இப்போது மூத்த உறுப்பினரின் வினாவிற்கு வருவோம். 'வெளியார்' என்றார். நம் பிள்ளைக்குக் கற்பித்தவர் நமக்கு வெளியார் ஆகமாட்டார். ராசீன் தம் மாணவர்களை எந்த மதத்தவர் என்று பார்த்துக் கற்பிக்கவில்லை; மாணவர்களும் ஆசானை அவ்வாறு பார்த்து நன்றி சொல்லவில்லை.

'சம்பளத்திற்குத்தானே' என்றார். நாமும் ஜமாஅத்திடம் சம்பளம் பெறும் இமாம்தான், அதில் இழிவில்லை. ஆனால் சம்பளம் என்பது வகுப்பறையின் மணிக்கணக்கிற்கு உரியது. பாடத்திட்டத்தில் இல்லாததைக் கற்பித்ததற்கும், தம் சிறந்த மாணவரை மேலான இடத்திற்கு வழியனுப்பியதற்கும், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்ததற்கும் எந்த நிர்வாகமும் சம்பளம் கொடுப்பதில்லை. கொடுக்கப்படாத அக்கூலிக்குப் பெயர்தான் நன்றி.

பணத்தைப் பற்றிய கவலையும் நியாயமானதே. ஸகாத் நிதி யாருக்கு உரியது என்பதை மார்க்கம் வரையறுத்துள்ளது. அதைத் தொட வேண்டுமென்று நாம் கூறவில்லை. நாம் கேட்பவை மூன்றே. ஒன்று, அடுத்த ஆண்டு முதல் பரிசுபெறும் ஒவ்வொரு பிள்ளையிடமும், "உனக்கு அதிகம் கற்பித்தவர் யார்?" என்று கேட்டு, அவ்வாசிரியரின் பெயரை இந்த ஆண்டறிக்கையில் பிள்ளையின் பெயருக்கு அருகிலேயே அச்சிட வேண்டும். இரண்டு, விழா அழைப்பிதழ் அவர் கைக்குச் சேர வேண்டும். முன்வரிசையில் அவருக்கு இருக்கை வேண்டும். மேடையில் அவர் பெயர் வாசிக்கப்பட வேண்டும். மூன்று, ஜமாஅத்தின் பதிவேட்டில் இதற்கெனச் சில பக்கங்கள் ஒதுக்கி, ஆண்டு வரிசையில் எழுதிவைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு சில நாற்காலிகளும், கொஞ்சம் மையும்தான்.

கேடயத்தைக் கையில் வாங்கிய அப்பேராசிரியர் அன்று என்ன செய்தார் என்பதையும் சொல்லி முடிக்கின்றோம். அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தம் கைக்குட்டையால் துடைத்து, மாணவரிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை உன் வாப்பாவின் கடையில் வை" என்று சொல்லிவிட்டு, பேருந்திற்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்டுவைக்காமல் நாம் நின்றோம். பிறகு அம்மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அடுத்த ஆண்டறிக்கையில் அப்பெயர், அவருடைய இசைவோடு, முதலாவதாக அச்சாக வேண்டுமென்பது நம் வேண்டுகோள். பொதுக்குழு இதைப் பரிசீலித்து நல்ல முடிவெடுக்கும் என நம்புகின்றோம், இன்ஷா அல்லாஹ்.

நமக்குக் கற்பித்தவர்கள் அனைவரையும் நன்றியோடு நினைவுகூரும் மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.